அட்டவணை சொல்லாமல் விடுவது

“கட்டட வேலை 67 விழுக்காடு முடிந்துள்ளது.”

திட்ட மேலாண்மை மென்பொருள் அச்சடித்துத் தந்த அட்டவணையின் கடைசிப் பத்தியில் இப்படி ஓர் எண் இருந்தால், படிப்பவர் என்ன பொருள் கொள்வார்? மூன்றில் இரண்டு பங்கு வேலை ஓய்ந்தது, இனி ஒரு பங்குதான் பாக்கி என்று கொள்வார். பணம் கொடுப்பவராயின் மூன்றில் இரண்டு பங்குத் தொகைக்குக் கையெழுத்திடலாம் என்று எண்ணுவார். பள்ளித் தலைமையாசிரியராயின் திறப்பு விழாவுக்கு நாள் பார்க்கத் தொடங்குவார். இருவருமே ஏமாறக்கூடும். எண்ணில் கணக்குப் பிழை எதுவும் இராது. அது எதை எதனால் வகுத்து வந்த எண் என்பதைத்தான் அவர்கள் கேட்கவில்லை.

இத்தகைய மென்பொருள்களைப் பொறியியல் மாணவர்களும், கட்டடத் துறையினரும், அலுவலகப் பணியாளர்களும் இன்று கற்கிறார்கள். கற்பிக்கும் நூல்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பட்டியலைத் திறந்தால் எந்த அறிக்கை வரும், தலைப்பை எப்படித் தடித்த எழுத்தாக்குவது, பத்தியை எப்படி அகலமாக்குவது என்பன போன்ற செய்திகளுக்கு அவற்றில் குறைவில்லை. ஆனால் ஒரு பத்தியில் நிற்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதற்கு ஒரு பக்கங்கூட ஒதுக்கப்படுவது அரிது. அந்தக் குறையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வலை வரியான கதை

1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபான்ட் இரசாயன நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் ஒரு கணக்கு முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். பெரியதொரு பணியைச் சிறு வேலைகளாகப் பிரித்து, எந்த வேலை முடிந்த பின் எந்த வேலை தொடங்க இயலும் என்று அம்புக்குறிகளால் இணைத்தால் ஒரு வலை கிடைக்கும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவ்வலையில் பல வழிகள் இருக்கும். அவற்றுள் மிக நீண்டதே நெருக்கடிப் பாதை. அதில் ஒரு வேலை ஒரு நாள் தாமதித்தால் பணி முழுவதும் ஒரு நாள் தாமதிக்கும். மற்ற வழிகளில் உள்ள வேலைகளுக்குச் சிறிது தளர்வு உண்டு. இதே காலத்தில், 1958-இல், அமெரிக்கக் கடற்படை தன் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்னும் ஒத்த முறையை உருவாக்கியது.

கணக்கை யூனிவாக் போன்ற கணிப்பொறிகள் செய்தன. அன்றைய கணிப்பொறிகளின் அச்சு இயந்திரம் எழுத்தையும் எண்ணையும் வரி வரியாக அடிக்குமேயன்றி அம்புகளை வரையாது. எனவே ஒவ்வொரு வேலையும் ஒரு வரியாயிற்று. தொடக்க நாள், முடிவு நாள், தளர்வு நாள் ஆகியவை பத்திகளாயின. முடிச்சுகள் தாளில் ஏறின; அவற்றை இணைத்த நூல்கள் ஏறவில்லை.

இன்றைய மென்பொருள்கள் வலையையும் வரையும், பட்டைப் படத்தையும் வரையும். ஆயினும் கூட்டத்துக்குப் போவது அட்டவணைதான். அச்சடிக்க எளிது, கோப்பில் வைக்க எளிது, அடுத்த மாதத்தோடு ஒப்பிடவும் எளிது. மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட் மென்பொருளின் பழைய பதிப்புகளில் 20-க்கும் மேற்பட்ட ஆயத்த அட்டவணை அறிக்கைகள் இருந்தன. நெருக்கடி வேலைகள், பின்தங்கும் வேலைகள், யார் எதை எப்போது செய்கிறார், செலவு எவ்வளவு என்று வகைவகையாக அவை அமைந்திருந்தன. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டு, வண்ண வரைபடங்களும் அட்டவணைகளும் கலந்த அறிக்கைகளைத் தந்தார்கள். ஆனால் வரைபடத்துக்குள் போவதும் பழைய எண்தான்.

விழுக்காடு எதன் விழுக்காடு?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு பள்ளியில் அறிவியல் ஆய்வுக்கூடம் கட்டுகிறார்கள் என்று கொள்வோம். வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன.

அஸ்திவாரம்: 6 நாள், தினம் 8 பேர், 48 ஆள்நாள்
சுவர்: 10 நாள், 8 பேர், 80 ஆள்நாள்
சென்ட்ரிங், கம்பி கட்டல், கூரைக் கான்கிரீட்: 4 நாள், 12 பேர், 48 ஆள்நாள்
நீராற்றல், சென்ட்ரிங் பிரித்தல்: 20 நாள், 1 ஆள், 20 ஆள்நாள்
பூச்சு: 10 நாள், 8 பேர், 80 ஆள்நாள்
மின்சாரம், தண்ணீர், எரிவாயுக் குழாய்: 10 நாள், 6 பேர், 60 ஆள்நாள்
மொத்தம்: 60 நாள், 336 ஆள்நாள்

20-ஆம் நாள் மாலை கூரைக் கான்கிரீட் முடிந்துவிட்டது. வழக்கமான அறிக்கையில் ‘முடிந்த விழுக்காடு’ என்னும் பத்தி என்ன காட்டும்? அந்தப் பத்தி நாட்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 60 நாளில் 20 நாள், அதாவது 33 விழுக்காடு. ஆனால் உழைப்பைக் கணக்கிட்டால் 336-இல் 176 ஆள்நாள் செலவாகியிருக்கிறது. அது 52 விழுக்காடு.

அடுத்த 20 நாள் ஒருவர் காலையும் மாலையும் கூரையில் தண்ணீர் விடுகிறார், கான்கிரீட் உறுதியேறுகிறது, கடைசியில் சென்ட்ரிங் பிரிக்கப்படுகிறது. 40-ஆம் நாள் அறிக்கையில் 67 விழுக்காடு! இருபதே நாளில் வேலை இரு மடங்காகிவிட்டதாக அட்டவணை கூறுகிறது. உழைப்பின் கணக்கோ 52-இலிருந்து 58 ஆகத்தான் ஏறியிருக்கிறது. இன்னும் 140 ஆள்நாள் வேலை பாக்கி. மூன்றில் ஒரு பங்குதான் மீதி என்று எண்ணிக் கூலிக்குப் பணம் ஒதுக்கியவர், பூச்சு வேலை நடக்கும்போது கையைப் பிசைவார்.

மென்பொருளைக் குறை கூறுவது முறையாகாது. மைக்ரோசாப்ட் ப்ராஜெக்டில் முடிந்த விழுக்காடு, முடிந்த உழைப்பின் விழுக்காடு, கண்ணால் பார்த்துக் கையால் பதியும் பருநிலை விழுக்காடு என மூன்று தனித்தனிப் பத்திகள் உள்ளன. முதலாவது ஆயத்த அறிக்கைகளில் தானாகவே வந்து நிற்கிறது. மற்ற இரண்டையும் ஒருவர் கேட்டுப் பெறவேண்டும். கேட்பவர் குறைவு.

பொதுச்சொத்தைத் தனிச்சொத்தாக்குதல்

விழுக்காட்டுப் பிழையைச் சற்று எண்ணிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். தளர்வு நாள் பத்தியின் பிழை இன்னும் நுட்பமானது. அட்டவணை என்னும் வடிவத்துக்கே உரிய பிழை அது.

அதே ஆய்வுக்கூடத்துக்கு மரமேசைகள் வேண்டும். பலகை வாங்க 15 நாள், மேசை செய்ய 20 நாள், மெருகேற்ற 10 நாள். ஆக 45 நாள். கட்டடம் 60-ஆம் நாள் முடியும்போது மேசைகள் தயாராக இருந்தால் போதும். எனவே இந்த வழிக்கு 15 நாள் தளர்வு உண்டு. அட்டவணை இதை எப்படி அச்சடிக்கும்? பலகை வாங்கல் என்ற வரியில் 15. மேசை செய்தல் என்ற வரியில் 15. மெருகேற்றல் என்ற வரியிலும் 15.

பலகை வாங்குபவர் தம் வரியைப் பார்க்கிறார். “எனக்கு 15 நாள் அவகாசம் இருக்கிறது” என்று நிதானமாகப் போகிறார். தச்சரும் அப்படியே எண்ணுகிறார். மெருகு பூசுபவரும் அப்படியே. மூவரும் நேர்மையானவர்கள், மூவரும் அட்டவணையைச் சரியாகத்தான் படித்தார்கள். ஆயினும் 45 நாள் தளர்வு இருப்பதுபோல் நடந்துகொள்கிறார்கள். உள்ளது மூவருக்கும் சேர்த்து 15 நாள்தான். ஒரே குடத்துத் தண்ணீரை மூன்று வீட்டுக் கணக்கிலும் முழுதாக எழுதிவைத்ததைப் போன்றது இது. வலைப்படத்தில் மூன்று வேலைகளும் ஒரே கோட்டில் நிற்பதைக் கண் உடனே காணும். அட்டவணையை நெருக்கடிக்கு ஏற்றபடியோ தொடக்க நாளின்படியோ அடுக்கிவிட்டால் அவை மூன்று வெவ்வேறு பக்கங்களுக்குக்கூடப் போய்விடலாம்.

முந்தைய வேலை எது என்பதைக் காட்டும் பத்தி ஒன்றும் மென்பொருளில் உண்டு. தாளின் அகலம் போதாதபோது பலர் முதலில் நீக்குவது அந்தப் பத்தியைத்தான்.

வெற்று அட்டவணை

‘பின்தங்கும் வேலைகள்’ என்று ஓர் அறிக்கை உண்டு என்றேன். அதைக் கேட்டு, ஒரு வரிகூட இல்லாமல் வெறுமையாக வந்தால் என்ன நினைப்போம்? எதுவும் பின்தங்கவில்லை என்று மகிழ்வோம். இந்த அறிக்கையின் வடிகட்டி, இப்போது எதிர்பார்க்கும் முடிவு நாளை மூலத் திட்டத்தின் முடிவு நாளோடு ஒப்பிடுகிறது. தொடக்கத்தில் ஒருவர் மூலத் திட்டத்தைச் சேமித்து வைத்திருந்தால்தான் ஒப்பிட ஏதேனும் இருக்கும். மென்பொருளில் இதற்குப் பேஸ்லைன் என்று பெயர். அதைச் சேமிக்க மறந்திருந்தால், ஆண்டுக்கணக்கில் தாமதமான பணியிலும் இந்த அட்டவணை வெறுமையாகவே வரும். தாமதமின்மையும் மறதியும் தாளில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

இன்னொரு வேடிக்கை. பலகை 15-ஆம் நாள் வரவேண்டியது, 27-ஆம் நாள்தான் வந்தது. பதிவு செய்பவர் அவசரத்தில், வந்த நாளைக் குறிக்காமல், விழுக்காட்டுப் பத்தியில் 100 என்று மட்டும் அடித்துவிடுகிறார். மென்பொருள் என்ன செய்யும்? உண்மையான முடிவு நாள் என்ற பத்தியில், திட்டமிட்ட 15-ஆம் நாளைத் தானே நிரப்பிக்கொள்ளும். 12 நாள் தாமதம் ஏட்டிலிருந்தே மறைந்துபோகும். பிற்காலத்தில் அந்தப் பழைய அறிக்கையைப் பார்த்து, “பலகை வாங்க 15 நாள் போதும்” என்று அடுத்த பள்ளிக்கும் திட்டம் போடுவார்கள்.

இதைவிட விந்தை, முடியாத வேலைக்குக் கடந்துபோன நாளை முடிவு நாளாகக் காட்டுவது. மார்ச் 20-இல் அச்சான அறிக்கையில், 40 விழுக்காடு முடிந்த பூச்சு வேலை மார்ச் 10-இல் நிறைவுறும் என்று இருக்கலாம். மீதி வேலையை இன்றைய நாளுக்குப் பின் தள்ளும்படி மைக்ரோசாப்ட் ப்ராஜெக்டுக்கு நாம்தான் கட்டளையிடவேண்டும். ப்ரைமவேரா என்னும் மற்றொரு மென்பொருள், நிலவர நாளைக் கொடுத்துக் கணக்கிடச் சொன்னால், மீதி வேலையைத் தானாகவே அதற்குப் பின் வைக்கும். இந்த ஒரு வகையில் ப்ரைமவேராவின் போக்கே எனக்குச் சரியென்று படுகிறது. நேற்றைய தினத்தில் நாளைய வேலையைச் செய்ய யாராலும் இயலாது அல்லவா?

ஒரு நாள் மட்டும் போதுமா?

முடிவு நாள் என்ற பத்தியில் ஒரே ஒரு நாள் அச்சாகிறது. பெர்ட் முறையை வகுத்தவர்கள் இதில் கவனமாகவே இருந்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மதிப்பீடுகள் கேட்டார்கள்: எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள். நடு மதிப்பீட்டை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தார்கள். 10, 12, 26 என்று மதிப்பீடுகள் இருந்தால் சராசரி 14 நாள். வழக்கமான 12-ஐவிட இது கூடுதல் என்பதைக் கவனிக்கவும்.

இந்தக் கவனமும் போதவில்லை என்று 1964-இல் மக்கிரிமன், ரயாவெக் என்னும் இருவர் ஓர் ஆய்வில் காட்டினார்கள். பல வழிகள் ஓரிடத்தில் வந்து சேரும்போது, பெர்ட் கூறும் முடிவு நாள் நடைமுறையைவிட முந்தியதாகவே அமையும் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. காரணம் எளிது. நம் ஆய்வுக்கூடத்துக்குக் கட்டடம், மேசை, மின் இணைப்பு மூன்றும் குறித்த நாளில் தயாராகவேண்டும். ஒன்றையொன்று சாராத இம்மூன்றுக்கும் தனித்தனியே 80 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். மூன்றும் சேர்ந்து தயாராகும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8 = 0.512. ஏறத்தாழ பாதிக்குப் பாதி! அட்டவணையில் மூன்று வரிகளும் நம்பிக்கை தருவனவாகவே இருக்கும். அவற்றைப் பெருக்கிப் பார்க்கும்படி எந்த வரியும் சொல்லாது.

அறிக்கை யாருக்கு?

பொலாரிஸ் ஏவுகணை 1960 ஜூலை 20-இல், நீருக்குள் மூழ்கியிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கப்பலிலிருந்து வெற்றியுடன் ஏவப்பட்டது. பெர்ட் முறையின் புகழ் உலகெங்கும் பரவியது. பின்னர் ஹார்வி சபோல்ஸ்கி என்னும் அரசியல் அறிஞர் அத்திட்டத்தின் வரலாற்றை ஆராய்ந்து 1972-இல் நூலாக வெளியிட்டார். வேலையை விரைவாக்கியதில் பெர்ட்டின் பங்கு மிகச் சிறியது என்பது அவர் கண்ட முடிவு. அந்த அறிக்கைகளும் விளக்கப் படங்களும் வேறொரு வகையில் பெரும் பயன் தந்தன: இவ்வளவு நவீனமாக மேலாண்மை நடக்கும் அலுவலகத்தில் வெளியார் தலையிடத் தேவையில்லை என்று மேலிடத்தை நம்பவைத்தன. ஏவுகணை செய்தவர்களுக்கு அது நன்மையாகவே முடிந்தது, அவர்கள் திறமைசாலிகள். திறமையற்றவர் கையிலும் அதே கேடயம் அதே அளவு வேலை செய்யும் என்பதுதான் கவலைக்குரியது.

ஒரு பொதுக் கட்டடத்தின் மாதாந்திரக் கூட்டங்கள் சிலவற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். தொடர்ந்து மூன்று மாதம் அட்டவணை 92 விழுக்காடு என்றது. மூன்றாம் மாதம் ஒரு முதியவர், உறுப்பினர் அல்லர், பார்வையாளராக வந்தவர், “மீதி எட்டில் என்னென்ன இருக்கிறது?” என்று கேட்டார். யாரிடமும் விடை இல்லை. கழிவுநீர்க் குழாய் ஊர்ச் சாக்கடையோடு இணைக்கப்படவே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அதற்கு அட்டவணையில் ஒரு வரியே இல்லை. இல்லாத வரிக்கு எந்த மென்பொருளும் விழுக்காடு போடாது.

மூலத் திட்டம் எது என்ற கேள்வியும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களைப் பற்றி இந்தியப் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் வெளியிட்டுவந்த அறிக்கைகளில், தாமதம் இரு வகையாகக் கணக்கிடப்பட்டதைக் காணலாம்: முதலில் ஒப்புதல் பெற்ற கால அட்டவணையை வைத்து ஒன்று, கடைசியாகத் திருத்திய கால அட்டவணையை வைத்து இன்னொன்று. இரண்டையும் அருகருகே தருவது பாராட்டுக்குரிய வழக்கம். இரண்டாவதை மட்டும் தந்தால், நாளைத் திருத்தத் திருத்தத் தாமதம் சுழியாகிவிடும். தனியார் பணிகளின் அறிக்கைகளில் பெரும்பாலும் ஒன்றுதான் கிடைக்கிறது; எதை வைத்துக் கணக்கிட்டது என்று தலைப்பில் எழுதுவதுமில்லை.

நல்ல அட்டவணைக்கு என்ன வேண்டும்?

இவ்வளவும் சொன்னதால் அட்டவணையே வேண்டாம் என்பதாகாது. நூற்றுக்கணக்கான வேலைகள் உள்ள பணியில் வலைப்படம் சுவரை அடைத்துக்கொள்ளும். அதில் ஒரு நாளைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி ஆகும். அட்டவணையில் ஒரு நொடி. வரிசைப்படுத்தலாம், வடிகட்டலாம், ஒருவர் பொறுப்பில் உள்ளவற்றை மட்டும் தொகுக்கலாம். பத்திகளைச் சேர்க்கவும் நீக்கவும் எல்லா மென்பொருள்களும் இடந்தருகின்றன. ப்ராஜெக்ட்லிப்ரே, கான்ட்ப்ராஜெக்ட் போன்றவை விலையின்றியே கிடைப்பதால் மாணவர்கள் வீட்டிலிருந்தே பழகிப் பார்க்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். தாளின் தலைப்பில் நிலவர நாள் அச்சாகவேண்டும். அச்சடித்த நாள் அன்று, எந்த நாள் வரையிலான செய்தி என்பது. மூலத் திட்டத்தின் முடிவு நாளும், இப்போது எதிர்பார்க்கும் முடிவு நாளும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் நிற்கவேண்டும். மூலத் திட்டம் என்று சேமிக்கப்பட்டது என்ற குறிப்பும் வேண்டும். முந்தைய வேலை, அடுத்த வேலை ஆகிய இரு பத்திகளை இடமில்லை என்று நீக்கக்கூடாது. வேண்டுமானால் விழுக்காட்டை நீக்கிக்கொள்ளட்டும். அதன் இடத்தில் மீதி நாள் என்ற பத்தி வரட்டும். முடிந்தது எவ்வளவு என்று கேட்டால் மனிதர் தாராளமாகச் சொல்வார். இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டால் சற்று யோசித்தே சொல்வார்.

நம் ஆய்வுக்கூடத்துக்கு 40-ஆம் நாள் மாலை இப்படி ஓர் அட்டவணை எடுத்தால், மேசை செய்தல் என்ற வரி பின்வருமாறு இருக்கும்: முந்தைய வேலை பலகை வாங்கல், 27-ஆம் நாள் முடிந்தது, மூலத் திட்டப்படி முடிவு 35-ஆம் நாள், இப்போது எதிர்பார்ப்பது 47-ஆம் நாள், மீதி 7 நாள், அடுத்த வேலை மெருகேற்றல், இருவருக்கும் சேர்த்து எஞ்சியுள்ள தளர்வு 3 நாள். வழக்கமான அறிக்கையில் இதே வரியில் அச்சாவது: 65 விழுக்காடு.